ஸ்டேஷனுக்குப் புகாரோடு போகிறீர்களா? 173-ஐ நினைவில் வையுங்கள்

போன வருடம் எங்கள் சித்தப்பாவின் இரண்டு வெள்ளாடுகளை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடியவர் மதியம் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து வேர்வையில் நனைந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டி, "ஏல, எப்.ஐ.ஆர். போட்டாச்சு" என்றார். வாங்கிப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது ரசீது, அவ்வளவுதான். குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருந்தால்தான் அது எப்.ஐ.ஆர். இதை முதலில் பாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்.ஐ.ஆருக்கு முன்பு 154, இப்போது 173. நகலை இலவசமாகத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

மனு எழுதும்போது நாள், நேரம், இடத்தோடு பொருளின் மதிப்பையும் கட்டாயம் எழுதுங்கள். சித்தப்பா "இரண்டு ஆடுகள்" என்று மட்டும் எழுதியிருந்தார், செவலை ஆட்டின் இடது காதில் வெட்டு இருந்ததைக்கூட எழுதவில்லை. மதிப்பு ஏன் முக்கியம் என்றால், புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. முதல் தடவை மாட்டியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை.

"இது எங்க லிமிட் இல்ல" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். நாகர்கோவில் பஸ்ஸில் வருகிறீர்கள், நெல்லை வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் பை காணோம் என்று தெரிகிறது, எந்த ஊரில் போனதென்று யாருக்குத் தெரியும்? எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கவேண்டும், ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், அதை மறக்காதீர்கள்.

"விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்றால்? 3 வருடத்திலிருந்து 7 வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அப்படி முதல்கட்ட விசாரணை செய்யலாம், ஆனால் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவேண்டும். அனுமதி வாங்கியாச்சா, எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று மரியாதையாகவே கேளுங்கள்.

அப்படியும் எப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் 173(4) என்று குறிப்பிட்டு மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நெல்லை மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனருக்கு, அம்பை, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கு. சித்தப்பாவுக்கு இதற்கப்புறம்தான் வேலை நடந்தது, ஸ்டேஷனிலிருந்தே போன் போட்டுக் கூப்பிட்டு நகலைக் கொடுத்தார்கள். அதற்கும் அசையவில்லையென்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எப்.ஐ.ஆர். விழுந்தபின் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை.

அடுத்து, உங்கள் வீட்டு ஆளை போலீஸ் கூப்பிட்டால் என்ன செய்வது. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் அடியில் அப்பாவையும் மகனையும் பறிகொடுத்த சீமை இது, அதனால் இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கைது செய்யாமல் விசாரிக்கக் கூப்பிடுவதென்றால் 35(3) நோட்டீஸ் தரவேண்டும், போனில் "வந்துட்டுப் போங்க" என்பது நோட்டீஸ் ஆகாது. சாட்சியாகக் கூப்பிட்டால் பெண்களையும் 60 தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்கவேண்டும். கைது என்றால் காரணம் சொல்லவேண்டும், சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் தரவேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும். அடித்தார்கள் என்றால் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா, 15100-க்குப் போன் போடுங்கள், இலவச சட்ட உதவிக்கான எண் அது. இப்போதே செல்லில் பதிந்து வையுங்கள்.