கார்புரேட்டர் சாகாவை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றும்போது பெட்ரோல் லைனை அமைக்கும் முறை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கார்புரேட்டர் எஞ்சினோடு ஓடும் பழைய புரோட்டோன் சாகாவையும் இஸ்வாராவையும் இன்றும் பார்க்கலாம். அவற்றில் புரோட்டோன் வீரா 1.5 காரின், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் 4ஜி15 இன்ஜெக்‌ஷன் எஞ்சினை ஏற்றுவது நம் ஃபோர்மேன்களுக்குப் பழகிய வேலைதான். எஞ்சின் உட்கார்ந்து, வயரிங் முடிந்து, ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) உயிர் பெற்றதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இப்படி மாற்றிய வண்டி நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் டேங்கிலிருந்து ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) வரைக்கும் உள்ள பெட்ரோல் வழிதான். அதனால் வேலையை டேங்கிலிருந்து தொடங்குங்கள்.

கார்புரேட்டருக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இந்த இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு ஐட்லிங்கில் ஏறக்குறைய 38 பிஎஸ்ஐ வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 47 முதல் 50 பிஎஸ்ஐ வரை ஏற வேண்டும். அழுத்தம் பத்து மடங்கு கூடுகிறது, ஆகவே பழைய ஹோஸ், கிளிப், பிளாஸ்டிக் ஃபில்டர் எதையும் நம்ப முடியாது. இன்னொரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் இருப்பில் இருக்கும். மேட்டில் பம்பு ஒரு நொடி காற்றை இழுத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்த இருப்பு கிடையாது, ரயிலுக்குள் காற்றுக் குமிழி போன மறுகணமே எஞ்சின் உதறும்.

முதலில் டேங்க்

பெட்ரோலை முழுவதும் இறக்கி, டேங்கைக் கழற்றிக் கீழே வையுங்கள். கடைசியாக வரும் அரை லிட்டரை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். துணியில் செம்பழுப்புப் பொடி தங்கினால் உள்ளே துரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துருவோடு புதுப் பம்பைப் போட்டால் பம்பு சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும், பிறகு இன்ஜெக்டர் அடைக்கும். துரு லேசாக இருந்தால் கழுவி, காய வைத்துப் பயன்படுத்தலாம். பொத்தல் விழும் நிலையில் இருந்தால் வேறு டேங்க் தேடுவதே மேல்.

பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு மாதமாகக் காலியாகக் கிடந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து. மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பைப் வைக்கவோ தடுப்புத் தகடு போடவோ வேண்டுமானால், ஆவியை முழுதாக வெளியேற்றிப் பிறகு வெல்டிங் செய்யும் வசதியுள்ள டேங்க் பட்டறையில் கொடுங்கள்.

டேங்கின் மூச்சுக் குழாயையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடி, பம்பு இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் கோளாறு அங்கேதான்.

பம்பு எவ்வளவு பெரிது?

பெரிய பம்பு போட்டால் நல்லது என்ற எண்ணம் தவறு. முழுவேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.31 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 90 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது 28 லிட்டர். 3 பார் (ஏறக்குறைய 44 பிஎஸ்ஐ) அழுத்தத்தில் மணிக்கு 80 முதல் 100 லிட்டர் தள்ளும் பம்பு தாராளம். டர்போ வண்டிக்கான 255 லிட்டர் பம்பைப் போட்டால், எஞ்சின் குடித்ததுபோக மிச்சம் அத்தனையும் 6 மிமீ ரிட்டர்ன் பைப்பில் திரும்ப வேண்டும். பைப் தாங்காது. ஐட்லிங்கில் அழுத்தம் ஏறும், கலவை கெட்டியாகும், சூடான பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்.

வெளியே மாட்டும் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, டேங்குக்குப் பக்கத்திலேயே ரப்பர் வைத்துப் பொருத்துங்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான் உலோக ஃபில்டர். நுண்ணிய ஃபில்டரை முன்னால் போட்டால் பம்பு மூச்சடைத்துப் பழுதாகும். கார்புரேட்டருக்குப் போடும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஃபில்டர் 3 பாரில் வெடித்துவிடும், அதை உயர் அழுத்தப் பக்கம் சேர்க்கவே கூடாது.

சர்ஜ் டேங்க்

தோட்டத்துச் செம்மண் மேட்டில் கால் டேங்க் பெட்ரோலோடு ஏறும்போதும், செம்பனை லாரிக்கு ஒதுங்கி ஒரு சக்கரத்தைக் கானில் (வடிகாலில்) இறக்கும்போதும் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். கார்புரேட்டர் டேங்கில் தடுப்புத் தகடு போதாது. அதனால் மெயின் டேங்குக்கும் உயர் அழுத்தப் பம்புக்கும் நடுவே சர்ஜ் டேங்க் என்ற சின்னத் துணை டேங்க் அவசியம் என்பதே எங்கள் முடிவு. மெயின் டேங்கிலிருந்து அதை நிரப்பக் குறைந்த அழுத்தப் பம்பு ஒன்று தனியாக இருக்கும். மிதவைக் கிண்ணம் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவு இருந்தால் போதும். முழுமூச்சில் ஓடும் 90 குதிரைத்திறன் எஞ்சினுக்குக்கூட அது இரண்டு நிமிடம் தாங்கும்.

அதற்கு நான்கு வாய் வேண்டும். குறைந்த அழுத்தப் பம்பிலிருந்து வருவது மேலே, எஞ்சினிலிருந்து திரும்பி வருவது மேலே, மெயின் டேங்குக்குப் போகும் வழிவு எல்லாவற்றுக்கும் உச்சியில். உயர் அழுத்தப் பம்புக்குப் போகும் வாய் மட்டும் அடியில். வழிவு உச்சியில் இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். எஞ்சின் ரிட்டர்னை மெயின் டேங்குக்கு விட்டுவிட்டால் சர்ஜ் டேங்க் சில நிமிடங்களில் வற்றிவிடும், இது அடிக்கடி நடக்கும் தவறு. ரிட்டர்ன் சரியாக இருந்தால் குறைந்த அழுத்தப் பம்பு எஞ்சின் எரிக்கும் அளவை ஈடு செய்தாலே போதும், உயர் அழுத்தப் பம்புக்குச் சமமாகத் தள்ள வேண்டியதில்லை.

சர்ஜ் டேங்கைப் பின்பக்கப் பூட்டுக்குள் (சாமான் வைக்கும் இடத்தில்) வைப்பதை நாங்கள் விரும்புவதில்லை. சின்னக் கசிவு இருந்தாலும் ஆவி பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் போகும். வேறு வழியே இல்லையென்றால் மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மூச்சை வண்டிக்கு வெளியே விடுங்கள்.

பைப், ஹோஸ், கிளிப்

உள்ளே போவது 8 மிமீ, திரும்புவது 6 மிமீ. பழைய இரும்புப் பைப்பை அப்படியே பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். துரு குழி விழுந்திருந்தால் வேண்டாம். நன்றாக இருந்தாலும் முனையில் வீங்கிய விளிம்பு இருக்க வேண்டும். வழவழப்பான முனையில் மாட்டிய ஹோஸ் 3 பாரில் கழன்றுவிடும். ஹோஸ் 25 மிமீ அளவுக்காவது பைப்பின் மேல் ஏறியிருக்கட்டும்.

ஹோஸின் மேல் ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்7 கார்புரேட்டருக்கு உரியது. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும், ஏனென்றால் ஆர்9-இன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறிச் சிதையும். பட்டையில் வெட்டுக்கண் உள்ள சாதாரண கிளிப் ஹோஸைக் கீறிவிடும். விளிம்பு மடித்த இன்ஜெக்‌ஷன் கிளிப்பையே போடுங்கள்.

தோட்டத்து வழியில் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே புல்லும் கல்லும் திட்டாக நிற்கும், அது வண்டியின் அடியை உரசும். பைப்பை பாடியின் மடிப்புக்குள் ஒட்டி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு பிடி போட்டு, புகைக் குழாயிலிருந்து தள்ளிக் கொண்டு போங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்பு எஞ்சினில் இருந்தால் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள். மூடாவிட்டால் எஞ்சின் ஆயில் வெளியே வரும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளும் பெட்ரோல் பைப்பை இணைக்கும், உள்ளே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷர்களும் ஒவ்வொரு முறையும் புதிது. ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டியபின் இன்ஜெக்டர் கையால் சுழல வேண்டும், சுழலாவிட்டால் ரிங் மடிந்திருக்கிறது.

கரண்ட்

பம்புக்கு பேட்டரியிலிருந்து தனி லைன்: 15 ஆம்பியர் பியூஸ், ரிலே, 2.5 சதுர மிமீ வயர். பிரேக் விளக்கு வயரில் ஒட்டுப்போடாதீர்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய இரும்பில் பிடியுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்பு முனையில் அளந்தால் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. ரிலேவை ஈசியுதான் இயக்க வேண்டும். சாவியோடு நேரடியாகக் கட்டினால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் உடைந்த பைப் வழியே பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மோதலில் கரண்டை வெட்டும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை எழுப்பும் முன்

தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரிட்டர்ன் ஹோஸை ஒரு கேனில் விட்டுப் பம்பை 30 விநாடி ஓட விடுங்கள். 600 மில்லிக்குக் குறைந்தால் ஃபில்டர், கரண்ட், பம்பு என்ற வரிசையில் பாருங்கள். பிறகு ஹோஸைத் திரும்ப மாட்டி, அழுத்தக் கேஜ் வைத்து ஓட்டி, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். எஞ்சின் ஓடியதும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அழுத்தத்தைப் படியுங்கள். 50-ஐத் தாண்டினால் ரிட்டர்ன் அடைத்திருக்கிறது அல்லது பம்பு பெரிது. ரிட்டர்னைக் கேனில் விட்டதும் அழுத்தம் இறங்கினால் அடைப்பு பைப்பில். வேக்குவம் ஹோஸுக்குள் பெட்ரோல் வாசனை அடித்தால் ரெகுலேட்டரின் உள்தோல் கிழிந்திருக்கிறது, மாற்றுங்கள்.

எஞ்சின் நம்பர் மாறியிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் வண்டிப் பரிசோதனையும் வேண்டும். பழைய எஞ்சின் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். முதல் 500 கிலோமீட்டரில் இரண்டு ஃபில்டரையும் மாற்றி, கழற்றியதை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். இன்னும் துருப்பொடி விழுந்தால் டேங்கை மறுபடி இறக்க வேண்டியதுதான்.