எட்டாவதோடு முடிகிற பள்ளிக்கு அட்மிஷன் பேசும்போது

போன மாதம் நண்பர் நடத்தும் சின்னப் பள்ளிக்குப் போயிருந்தேன். எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரைதான். பெற்றோருக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த இளம் ஆசிரியையிடம் ஒரு அம்மா, "எட்டாவது முடிச்சா எங்க சேக்குறது?" என்று கேட்க, இவர் சிரித்தபடி, "அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கே மேடம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எட்டாவதோடு முடிகிற என் பள்ளியில் அச்சு அசலாக நான் சொல்லிக்கொண்டிருந்த பதில். அட்மிஷன் பேசும்போது நாம் செய்கிற இப்படிப்பட்ட தவறுகள்தான் கீழே.

'ஒன்பதாவதுக்கு எங்கே?' என்ற கேள்வியை மழுப்புவது

நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். "அதுக்குள்ள ஹைஸ்கூல் ஆக்கிடுவோம்" என்று வாக்குக் கொடுத்தேன். இடம், கட்டடம், அங்கீகாரம் எதுவும் கையில் இல்லாமல்! விளைவு, ஐந்தாவதில் இருந்த 28 பிள்ளைகளில் ஆறாவதுக்கு வந்தது 11 பேர். பெற்றோர் கணக்கு தப்பே இல்லை. பெரிய பள்ளிகள் ஆறாவதில் கொஞ்சம் இடம் தருவார்கள். ஒன்பதாவதில் புதுப் பிள்ளையைச் சேர்க்கத் தயங்குவார்கள், அடுத்த வருடம் பத்தாவது ரிசல்ட்டைக் காட்ட வேண்டுமே. நமக்கோ 11 பேர் இருந்தாலும் அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி என்று தனித்தனி ஆசிரியர் வேண்டும், சம்பளமும் குறையாது. இரண்டு வருடம் கடனில் ஓட்டினேன், இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இலவச இடத்தில் வருகிற குடும்பத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தச் சலுகை எட்டாவதோடு நின்றுவிடும். அதனால் நீங்களே முதலில் பேச்சை எடுங்கள். முடித்துப் போன பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரை ஒருமுறை பார்த்துப் பேசி வையுங்கள். நான் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகும் சிலர் ஆறாவதில் போகத்தான் செய்கிறார்கள், ஆனால் ஏமாந்துவிட்டோம் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை.

குழந்தைக்குப் பரீட்சை வைப்பது

"சும்மா ரெண்டு கேள்விதான்" என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்ட பிள்ளையிடம் 'ஆப்பிள்' சொல்லச் சொல்லி என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

வேன், சீருடை, நோட்டுப் பணத்தை ஜூனில் சொல்வது

அட்மிஷன் பேசுகிற முதல் நாளே சொல்லுங்கள், எழுத்தில்.

வரவேற்பு நடனம்

வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் பவுடர் வழிய நிற்கிறார்கள், பெற்றோர் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அதைக் கழுவி வையுங்கள்.