பிளஸ் டூவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க எங்கெங்கே, எப்படி விண்ணப்பிப்பது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டே பேச்சுதான், இன்ஜினியரிங் கிடைக்குமா, நீட்டில் எவ்வளவு. இந்த இரண்டுக்காகக் காத்திருக்கும்போதே மற்ற படிப்புகளுக்கான கடைசித் தேதி போய்விடுகிறது, என் கவலை அதுதான். நம் மாநிலத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனி வாசல், தனித் தேதி, தனி ரேங்க் பட்டியல். அதனால் ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், மூன்று நான்கு இடங்களுக்கு ஒரே சமயத்தில் போட்டு வையுங்கள்.

முதல் வேலை சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இவற்றுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் மனு கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் மே மாதத்தில் ஊரே அங்கேதான் நிற்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே முதல் பட்டதாரிச் சலுகையில் படித்திருந்தால் உங்களுக்கு அது வராது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்கள், அதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் வரை விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் இதற்கான கட்டத்தை டிக் செய்யாமல் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

சரி, இன்ஜினியரிங். நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்குக் கட்-ஆஃப் வந்துவிடும். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92, 42, 44, ஆக 178. ரேங்க் வந்த பிறகு கல்லூரிகளை வரிசைப்படுத்தும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நல்ல கட்-ஆஃப், எட்டே எட்டு கல்லூரிகளைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள், அந்தச் சுற்றில் எதுவும் வரவில்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. போன வருடம் உங்கள் பிரிவுக்கு எந்தக் கல்லூரியில், எந்தக் கோர்ஸ், எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்து, உங்களுக்கு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்து அறுபது எழுபதாவது போடுங்கள். கிடைக்காது என்று நினைப்பதை மேலே வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை, பிடிக்காததை மேலே வைத்தால்தான் நஷ்டம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்றாலும் அதையும் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் இடம் போய்விடும்.

பயாலஜி எடுத்தவர்களுக்கு நீட் மட்டும்தான் வழி என்பது தவறான எண்ணம். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்றவை பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கின்றன, மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு நடத்துகிறது. கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் நீட் வேண்டாம், ஐந்தரை வருடப் படிப்பு. வேளாண்மைக்குக் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மீன்வளத்துக்கு நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம். ஆனால் சித்த மருத்துவத்துக்கு நீட் கட்டாயம், மறந்துவிடாதீர்கள். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் போதும், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அப்புறம் அரசு கலை அறிவியல் கல்லூரிகள். என்னைக் கேட்டால், பணம் குறைவான வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஒரே இணையதளத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் மிகக் குறைவு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள், மற்றவற்றுக்கு மீதி நான்கு பாடங்களின் 400. எனவே மொத்த மதிப்பெண் குறைந்தாலும் தமிழில் நன்றாக எடுத்தவர் தயங்க வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியும் தன் ரேங்க் பட்டியலை வைத்துத் தனியாகக் கலந்தாய்வு நடத்தும், அழைத்த நாளில் ஒரிஜினல்களோடு போய் நிற்க வேண்டும்.

பாலிடெக்னிக்கையும் தள்ளிவிடாதீர்கள். பிளஸ் டூவில் கணக்கு, அறிவியல் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம், அதை முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. கை வேலையில் ஆசை உள்ளவர்களுக்கு மாமல்லபுரத்தில் அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் சிலை செய்யக் கற்றுப் பட்டம் வாங்கலாம். ஓவியம் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகள்.

சேர்ந்த பிறகு மாதம் 1000 ரூபாய் கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகவே பதிவு செய்வார்கள், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் வேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இன்ஜினியரிங்குக்கு மாவட்டந்தோறும் சேவை மையங்கள் வைக்கிறார்கள், அரசு கலைக் கல்லூரிகளிலும் உதவி மையம் உண்டு. எங்கே பதிவு செய்தாலும் செல்போன் எண் உங்கள் வீட்டு எண்ணாகவே இருக்கட்டும், சென்டர்காரர் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஒதுக்கீட்டுத் தகவலும் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும், கல்லூரி திறக்கும் வரை ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.