தவளை லூரில் விரால் பிடிக்கப் பழகுவது எப்படி?

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) கடைக்குப் போனால் நிறத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஸ்பூன், ஸ்பின்னர், பாப்பர், கிராங்க்பெய்ட் என்று பெட்டி நிறைந்துவிடும். ஏரிக்குப் போனதும் முதல் வீச்சிலேயே ஒன்று அல்லிக்கொடியில் மாட்டி அறுந்துபோகும். நம் ஏரி, கண்மாய்களில் விரால் இருக்கிற இடமெல்லாம் செடிதான். அந்தச் செடிக்கு மேல் மாட்டாமல் வழுக்கி வரும் லூர் தவளை லூர். ஒரு பருவம் முழுக்க இதை மட்டும் போட்டுப் பழகுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விரால் செவுளால் மட்டும் மூச்சுவிட்டு வாழ முடியாது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத்தான் கீழே போகும். அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை ஓரங்களில் பதுங்கிக்கொண்டு, தலைக்கு மேலே எது அசைந்தாலும் கவனிக்கும். தவளை லூர் வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

1. லூரை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்

தவளை லூரின் உடம்பு உள்ளே காலியாக இருக்கும். இரண்டு கொக்கிகளும் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருக்கும். மீன் கடிக்கும்போது உடம்பு நசுங்கி, கொக்கி முனை வெளியே வர வேண்டும். கடையிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அமுக்குங்கள். லேசான அழுத்தத்திலேயே இரண்டு முனையும் எட்டிப் பார்த்தால் நல்ல லூர். பலமாக அமுக்கினால்தான் வருகிறது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். அமுக்கும்போது முனையில் விரல் படாமல் கவனம்.

அளவு 4 முதல் 6 சென்டிமீட்டர், எடை 8 முதல் 15 கிராம் வரை இருந்தால் போதும். இதைவிட லேசாக இருந்தால் எதிர்காற்றில் தூரம் போகாது.

நிறத்துக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மீன் கீழே இருந்துதான் பார்க்கிறது, அதற்குத் தெரிவது வயிறும் நிழலும்தான். முதுகில் போட்டிருக்கும் புள்ளியும் கோடும் நமக்காக. மங்கலான நேரத்துக்குக் கறுப்பு ஒன்று, நல்ல வெளிச்சத்துக்கு வெள்ளை அல்லது மஞ்சள் வயிறு ஒன்று, இரண்டு போதும்.

2. ராடு, ரீல், லைன்

ஆறரை முதல் ஏழு அடி வரை, மீடியம் ஹெவி ராடு. 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். லைன் கட்டாயம் பிரெய்டு (பல இழைகளைப் பின்னிச் செய்தது), 30 முதல் 40 பவுண்டு தாங்குவது. நைலான் லைன் இழுவைக்கு நீளும். செடிக்குள் ஓடும் விராலின் வாயில் கொக்கி ஏற அந்த நீட்சியே தடை.

3. முடிச்சு

பலோமர் முடிச்சு பிரெய்டுக்கு நன்றாகப் பிடிக்கும். லைனை ஒரு சாண் நீளம் இரட்டையாக மடித்து லூரின் வளையத்துக்குள் நுழைத்துவிடுங்கள். அந்த இரட்டை லைனிலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். மீதமிருக்கும் வட்டத்துக்குள் லூரை முழுதாக நுழைத்தெடுத்து, எச்சிலில் நனைத்து இறுக்குங்கள். லூர் பெரிது என்பதால் வட்டத்தைத் தாராளமாக விட வேண்டும்.

4. எங்கே, எப்படி வீசுவது

முதலில் அனுமதி. பல ஏரி, குளங்கள் மீன்பிடிக் குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரையோ ஊர்க்காரர்களையோ கேட்டுவிட்டு இறங்குங்கள். பறவைகள் சரணாலயத்து ஏரிகளில் தூண்டிலே கூடாது.

காலையும் மாலையும் நல்ல நேரம். கரையில் சத்தமில்லாமல் நின்று, செடிகளுக்கு நடுவில் தெரியும் சிறு இடைவெளிகளைத் தேடுங்கள். இடைவெளியின் மேலேயே லூரைப் போட்டால் மீன் மிரண்டுவிடும். ஓரிரு மீட்டர் தாண்டிப் போட்டு, இலைமேல் இழுத்துக்கொண்டுவந்து இடைவெளிக்குள் இறக்குங்கள். இறங்கியதும் நிறுத்துங்கள். ராடு நுனியால் இரண்டு சின்னத் தட்டு, மறுபடி நிறுத்தம். பெரும்பாலான அடி, அதாவது மீன் பாய்ந்து கவ்வுவது, இந்த நிறுத்தத்தில்தான் விழும். பத்து வீச்சுக்கு ஒருமுறை லூரை அமுக்கி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் கனத்து மூழ்கும்.

5. அடி விழுந்ததும்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. தண்ணீர் வெடிக்கும், கை தானாக ராடை இழுக்கும், லூர் வெறுமனே நம் பக்கம் பறந்து வரும். விரால் லூரைக் கவ்வியதும் வாயை மூடித் தலையைத் திருப்பிக் கீழே போக வேண்டும். அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள். ராடு நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள், தளர்ந்த லைனைச் சுற்றுங்கள், “ஒன்று, இரண்டு” என்று மனதுக்குள் எண்ணுங்கள். லைன் கனத்ததும் பலமாக மேலே இழுங்கள். அதற்குமேல் யோசனையே கூடாது, நிற்காமல் சுற்றுங்கள். ஒரு நொடி விட்டாலும் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். மீன் இழுத்தால் ரீலிலிருந்து லைன் எவ்வளவு எளிதில் வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடித்துத் தவறவிட்டால் லூரை அங்கேயே மிதக்க விடுங்கள். பல நேரம் திரும்பி வந்து அடிக்கும்.

லூர் செடியில் சிக்கினால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், தோலை ஆழமாக அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

6. குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசாதீர்கள்

மழைக்காலத்தில் தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாக நகரும் குஞ்சுகளைப் பார்க்கலாம். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் அடிக்கும். பசிக்காக இல்லை, குஞ்சுகளைக் காக்க. அதைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். சுலபமாகக் கிடைக்கிறது என்று இதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. தயவுசெய்து அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்கள்.

7. கையாள்வதும் வைப்பதும்

விராலின் வாயில் கூர்மையான பற்கள் உண்டு, விரலை விடாதீர்கள். நீள மூக்குக் குறடால் கொக்கியைக் கழற்றுங்கள். திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் லூரை அமுக்கித் தண்ணீரை எடுத்து, நிழலில் காயவைத்த பிறகே பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் கொக்கி துருப்பிடிக்கும். மென்பிளாஸ்டிக் புழு லூர்களை இதோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டி இளகிப் பாழாகும். அவற்றை வாங்கிய கவரிலேயே வையுங்கள்.