மதுரைக்கு எந்த மாதம் வரலாம்? பயணிகளுக்கு ஒரு வானிலை வழிகாட்டி

மதுரையின் வீதிகளே ஒரு நாள்காட்டிதான். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்று இந்த ஊர் மாதங்களின் பெயராலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே வரத் திட்டமிடுகிறவர் ஏப்ரல், மே என்று கணக்கிடுவதைவிடச் சித்திரை, வைகாசி என்று கணக்கிடுவது நல்லது. வெயிலையும் காற்றையும் மழையையும் பற்றி ஊரில் புழங்கும் பழமொழிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் பொய்ப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். சென்னையில் இருந்து வருகிறவர்கள் அங்குள்ள பருவத்தை அப்படியே இங்கும் எதிர்பார்க்கிறார்கள். கோடையில் பிற்பகலானதும் வெக்கையைத் தணிக்க வரும் கடற்காற்று சென்னைக்குக் கிடைப்பதைப்போல் மதுரைக்குக் கிடைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் அந்தப் பக்கத்திலேயே பெய்ய வைத்துவிடுவதால், கேரளத்தில் வெள்ளம் ஓடும் நாளிலும் நம் ஊரில் புழுதி பறக்கும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 85 சென்டிமீட்டர்; அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைப்பது. வெயில் உலர்ந்தது, நேரடியானது, நிழலுக்குள் ஒதுங்கினால் பாதி குறைந்துவிடக்கூடியது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம், மதுரையில் மாதத்தைவிடப் பொழுதைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பது. மீனாட்சி அம்மன் கோயில் அதிகாலையில் திறந்து, நண்பகல் 12.30 மணியளவில் நடை சாத்தி, மாலை 4 மணிக்கு மீண்டும் திறக்கிறது. விழா நாள்களில் மட்டும் இது மாறும். உச்சி வெயில் கொளுத்தும் நேரத்தில் அம்மனே ஓய்வெடுக்கும்போது பயணி மட்டும் அலைவானேன்? காலை 5 மணிக்குக் கோயிலுக்குள் இருந்து, 9 மணிக்குள் வெளியே வந்து சிற்றுண்டியை முடித்துவிட்டு, பகலின் கொடும் பகுதியைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு நடுவிலோ கீழடி அருங்காட்சியகத்திலோ அறையிலோ கழித்துவிட்டு, மாலையில் மீண்டும் கிளம்புவதே எல்லா மாதத்துக்கும் பொருந்தும் நடைமுறை. பங்குனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் இதை மீறவே கூடாது.

சித்திரையில் இருந்து தொடங்குவோம். ஆண்டும் அங்கேதான் தொடங்குகிறது, கூட்டமும் அப்போதுதான் வருகிறது. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், சித்திரை முழுநிலவு நாளில் கள்ளழகர் வைகையில் இறங்குவது ஆகியவற்றைக் காண வருகிறவர்கள், மதுரையின் கொடிய வெயிலையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். பகல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ் என்பது இயல்பான நாள். 40-ஐத் தாண்டுவதும் அரிதன்று. அழகர் விடியற்காலையிலேயே ஆற்றில் இறங்கிவிடுவதால், முந்திய இரவே வைகைக் கரைக்குப் போய் இடம்பிடித்து, காலை 8 மணிக்குள் திரும்பிவிடுகிறவர்கள் தப்பித்தார்கள். அந்தப் பருவத்தில் ஆற்றில் நீரோட்டம் இராது என்பதால், வைகை அணையிலிருந்து விழாவுக்கென்றே தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோல் பையில் நீரை நிரப்பிச் சுற்றி நிற்பவர்கள் மீதும் தெளிப்பார்கள். நனைவதற்கு அணியமாகவே போங்கள், அந்த நேரத்தில் அதைவிடச் சுகம் வேறில்லை. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்து நாடு செழிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. வானிலை ஆய்வு மையத்தின் பருவமழைக் கணிப்பும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான் வெளியாகிறது. எங்கள் தெருவில் இரண்டையும் ஒரே அக்கறையோடுதான் பேசிக்கொள்வார்கள்.

சித்திரை நண்பகலில் ஆடி வீதியில் நடப்பது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். காலணியை வெளியே விட்டு வந்தவர்கள், கல்தளம் காய்ந்த தோசைக்கல்லாக இருப்பதை இரண்டாவது அடியில் உணர்ந்து, குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் ஓடத் தொடங்குவார்கள். நார் விரிப்பின் மீதும் வெள்ளைச் சாயம் பூசிய பட்டையின் மீதும் எல்லாரும் ஒற்றை வரிசையாகப் போவார்கள். எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒருவரும் மனம் கொள்ளமாட்டார். கைக்குழந்தையோடு வந்த பெண் ஒருவர் அந்தப் பட்டையின் ஓரத்தில் நின்று, அடுத்த நிழல் எத்தனை அடி தூரம் என்று கண்ணாலேயே அளந்ததை நான் ஒருமுறை பார்த்தேன். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர்கள் காலை 9 மணிக்கு மேல் திறந்தவெளிப் பிரகாரத்துக்குள் வரக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். கைபேசிக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லை. அதை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாமல் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிடுங்கள்.

சித்திரை 21-இல் தொடங்கி வைகாசி 14 வரை, அதாவது மே 4 முதல் 28 வரை, அக்னி நட்சத்திரம். கத்திரி வெயில் என்று ஊரார் சொல்லும் இந்த நாள்களில் கோடை இடியோடு ஒரு மழை பெய்து வெக்கையைத் தணிப்பதும் உண்டு. பெய்யாமல் மேகம் மட்டும் மூடி, இரவு முழுக்கப் புழுங்க வைப்பதும் உண்டு. தண்ணீரோடு நுங்கு, பதநீர், வெள்ளரிப்பிஞ்சு, மோர்ப் பந்தலில் ஊற்றும் நீர்மோர் ஆகியவற்றை நம்புங்கள். ஜிகர்தண்டாவின் பாலும் ஐஸ்கிரீமும் நாவுக்குக் குளிர்ச்சி தருமே தவிரத் தாகத்தை அடக்குவதில்லை. அதை மாலையில் சாப்பிடுவது முறை. நத்தம், அழகர்கோவில் பக்கத்து மாம்பழம் இந்த வெயிலுக்குக் கிடைக்கும் கூலி. மீன் சாப்பாட்டுக்காக வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கொடைக்கானலுக்கு ஓடிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் அது கட்டாயம். ஆனால் மே மாதத்து மலைப்பாதை நெரிசலில் வண்டிக்குள் அமர்ந்திருப்பதும் ஒருவகைக் கத்திரி வெயில்தான்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில். ஜூன் பிறந்ததும் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தி வரும். அதை நம்பிக் குடையோடு இறங்கினால் குடை வெயிலுக்குத்தான் உதவும். மழையை மறுபுறத்தில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும் மேற்குக் காற்று காய்ந்து சூடேறி வருவதால், ஜூலையிலும் ஆகஸ்டிலும்கூடத் தமிழ்நாட்டில் மிகுந்த வெயில் பதிவான ஊர்களின் பட்டியலில் மதுரையின் பெயர் அடிக்கடி முதலில் வரும். காற்று மட்டும் குறைவின்றி வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து பார்த்ததில்லை, மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவுக்குப் போனதுண்டு. இந்த மாதங்களில் மதுரையை ஓர் இரவு தங்கும் இடமாக வைத்துக்கொண்டு, சாரல் விழும் குற்றாலத்துக்குப் போவது அறிவான திட்டம். தூரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நீர்வரத்து மிகுந்தால் அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதால், கிளம்பும் அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

புரட்டாசியைப் பற்றி, பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்ற சொலவடையைவிடச் சரியான வானிலை அறிக்கையை நான் படித்ததில்லை. பகல் 2 மணி வரை வெயில் கண்ணைக் கூச வைக்கும். பிறகு மேற்கே நாகமலைப் பக்கம் கருக்கும். சித்திரை வீதியில் மல்லிகைச் சரம் விற்கும் அம்மாக்கள் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலேயே கூடைமேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துவிடுவார்கள். அதைக் கண்டால் நீங்களும் ஒதுங்கிவிடுங்கள். அடுத்த கால் மணி நேரத்தில் மழை வந்துவிடும். ஒரு மணி நேரம் கொட்டி ஓய்ந்தபின் ஊர் கழுவிவிட்டதுபோல் இருக்கும். நவராத்திரியில் கோயிலுக்குள் வைக்கப்படும் கொலுவைக் காண வருவதற்கு அந்த மாலை நேரம் மிக ஏற்றது. பகல் சுற்றலுக்குக் காலையை மட்டும் நம்ப வேண்டும்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. மதுரையில் மழை மிகுந்த மாதம் பொதுவாக அக்டோபர். கடலோர ஊர்களைப்போல் நாள்கணக்கில் விடாமல் பெய்வது இங்கே குறைவு. பெய்யும்போது குறுகிய நேரத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுவதுதான் தொல்லை. 2024 அக்டோபரில் அப்படிக் கொட்டிய ஒரு பிற்பகல் மழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளக்காடானது. கர்டர் பாலத்தின் கீழ் நீர் தேங்கினால் அந்த வழியை மறந்துவிட வேண்டும். வைகையில் வெள்ளம் வந்தால் யானைக்கல் தரைப்பாலமும் மூடப்படும். ரயில் அல்லது விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இந்த இரண்டு மாதங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது, கண்மாய்கள் நிறைந்து, வயல்கள் பச்சையாக, யானைமலையும் சமணர் மலையும் தூசு நீங்கித் தெரியும் காட்சி. படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கார்த்திகையே சிறந்த மாதம் என்பது என் கருத்து. பாறைகள் வழுக்கும் என்பதால் மலையேற்றத்தை மழை நின்ற மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராமேஸ்வரத்தையும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள். ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தக் கடற்கரையின் பருவம் வேறு. அங்கே வெயிலின் அளவைவிடக் காற்றின் திசைதான் பயணத்தை முடிவுசெய்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் நிலை தலைகீழாகிவிடும். ஓர் ஆடி மாதத்தில், மதுரையில் நல்ல காற்று வீசுகிறதே, கடற்கரையில் இன்னும் இதமாக இருக்கும் என்று சொல்லி, உறவினர் குடும்பத்தைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றேன். வண்டிக் கதவைத் திறந்ததுமே மணல் ஊசியாகக் குத்தியது. குடை மறுபக்கம் மடங்கியது, கொண்டுபோன புளியோதரையில் பாதி மணல். அரிச்சல்முனையில் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அத்தை அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

ஐப்பசி முதல் மார்கழி வரை அங்கே இடர் வேறுவகை. 1964 டிசம்பர் 22, 23 நாள்களில் வந்த புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது என்பதை அந்த இடிபாடுகளே சொல்லும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைக் கேட்டால், அந்தப் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவையுங்கள்; காற்று வரம்பு மீறும்போது தனுஷ்கோடிச் சாலையில் பயணிகளை விடமாட்டார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்திலும் காற்றின் வேகம் மிகுந்தால் ரயில் காத்திருக்க வேண்டியதுதான். ராமேஸ்வரத்துக்கு ஏற்ற மாதங்கள் தையும் மாசியும். காலையில் மதுரையிலிருந்து கிளம்பி இரவில் திரும்பிவிடும் திட்டம் தாங்கக்கூடியது அப்போது மட்டும்தான்.

மார்கழியும் தையும் எல்லாருக்கும் தெரிந்த நல்ல மாதங்கள் ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். பகலில் 30 டிகிரியை ஒட்டியும் விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். வடக்கே இருந்து வருகிறவருக்கு இது குளிரே இல்லை. உள்ளூர்க்காரர்கள் காதில் மப்ளர் கட்டியிருப்பார்கள், சிரிக்க வேண்டாம். தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும் பருத்திப்பால் இந்தக் காலைகளுக்கென்றே உள்ளது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் ஜல்லிக்கட்டு. காலையில் பனியாக இருந்தாலும் 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் வெயில் உறைக்கும் என்பதால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவுக்கு மாலையில் ஒரு மெல்லிய சால்வை போதும். தங்கும் அறைகளின் வாடகை அப்போது ஏறிவிடும். கூட்டம் வேண்டாதவர்கள் தைப்பூசம் கழிந்தபின் வரலாம்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்றாலும், சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்பதும் அதே மாதத்துச் சொல். பங்குனியில் வெயில் ஏறத் தொடங்குவதை வெப்பமானியைப் பார்க்காமல் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலேயே அறியலாம். பனியில் செடி மொட்டு விடாததால் மார்கழியிலும் தையிலும் கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற மல்லிகை, வெயில் படப் பட மூட்டை மூட்டையாக வந்து விலை இறங்கிவிடும். விடியும் முன்பே அங்கே போய்விட்டால், நூறு ரூபாய்க்கு வாங்கும் பூவை எடுத்துச் செல்ல இன்னொரு பை தேவைப்படும்.