முதல் வெளிநாட்டுப் பணி: இளம் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பணிக்குப் பெயர் வந்ததும் புதிதாகச் சேர்ந்த வீரர்கள் முதலில் கேட்பது சண்டையைப் பற்றித்தான். ஆனால் அங்கே போனால் பெரும்பாலான நாள்கள் காவல் நிற்பதிலும், வண்டிகளைப் பராமரிப்பதிலும், அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பதிலும் கழியும். கவனம் தளர்வது அந்தச் சலிப்பில்தான்.

உதாரணத்துக்கு, மலேரியா வராமல் தடுக்கத் தரப்படும் மாத்திரையைப் பாருங்கள். 2003-ல் லைபீரியாவில் இறங்கிய அமெரிக்க மரைன் வீரர்களில் சுமார் 80 பேருக்கு மலேரியா வந்தது. மாத்திரை தரப்பட்டிருந்தது, பலர் அதை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. கிருமி உடலில் தங்கியிருக்கலாம் என்பதால், மருந்தைப் பொறுத்து 1 முதல் 4 வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வெயில் நாட்டில் இறங்கிய முதல் நாளே பழைய வேகத்தில் ஓடிக் காட்ட நினைக்காதீர்கள். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தலை சுற்றினால் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், போன். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் பல ராணுவ முகாம்களின் உருவம் அப்படியே தெரிந்தது பெரும் செய்தியானது. வீரர்கள் கையில் கட்டியிருந்த கருவிகள் அவர்கள் ஓடிய பாதையைப் பதிவு செய்ததன் விளைவு அது. பயணத் தேதியை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன் என்பார்கள். அம்மா பெருமையோடு சித்தியிடம் சொல்வார், அது குடும்பக் குழுவில் ஏறும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எதைச் சொல்ல மாட்டேன் என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

அதே பேச்சில் இன்னொன்றையும் புரியவைக்க வேண்டும். யாராவது காயமடைந்தாலோ இறந்தாலோ, அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி தகவல் சேரும்வரை முகாமில் போனும் இணையமும் நிறுத்தப்படலாம். பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்கு ஆபரேஷன் மினிமைஸ் என்றே பெயர். இது தெரியாத வீட்டில், அழைப்பு வராத ஒவ்வொரு மணி நேரமும் நரகம்.

கூடுதல் படி வருகிறதே என்று கடன் வாங்கிச் செலவு செய்வது, நாமினி விவரத்தைச் சரிபார்க்காமல் கிளம்புவது, இரண்டும் வேண்டாம்.

உள்ளூர் மக்களிடம் நல்லெண்ணத்தில் செய்வதுகூடத் தவறாகப் போகலாம். ஓடும் வண்டியிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் வீசினால், அடுத்த முறை அவர்கள் சக்கரத்துக்கு அருகே ஓடிவருவார்கள். ஐ.நா. அமைதிப்படை என்றால் விதிகள் மிகக் கடுமையானவை: பணம், உணவு, உதவி எதற்கு ஈடாகவும் பாலுறவு கூடாது, 18 வயதுக்குக் கீழ் எந்த நிலையிலும் கூடாது. வயது தெரியாது என்ற சாக்கு எடுபடாது. இதில் எனக்குத் துளியும் சமரசமில்லை. நீங்கள் காக்கப் போகிற மக்கள் அவர்கள்.

திரும்பி வந்தபின் தூக்கமின்மையும் காரணமில்லாத கோபமும் வரலாம், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் குடியில் அமுக்கப் பார்க்காமல் ராணுவ மருத்துவரைப் பாருங்கள். குண்டுவெடிப்புக்கு அருகில் இருந்தது, காதில் இரைச்சல், சின்ன அடி எல்லாவற்றையும் அங்கிருக்கும்போதே மருத்துவப் பதிவேட்டில் எழுத வைத்துவிடுங்கள். பல வருடம் கழித்துச் சிகிச்சைக்கோ இழப்பீட்டுக்கோ போகும்போது முதலில் தேடப்படுவது அந்தக் குறிப்பைத்தான்.