பீக் டிஸ்ட்ரிக்டில் முதல் கிராவல் சவாரி: வழியை நீங்களே போடுவது எப்படி?

கிராவல் சைக்கிள் (சாலையிலும் சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய, அகல டயர் சைக்கிள்) வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் போகலாம்?" என்றுதான். இங்கிலாந்தின் குன்றுப் பகுதியில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஏற்றம் எங்கே வருகிறது? சமவெளியில் 50 கிலோமீட்டர் சும்மா ஓட்டுகிறவர்கூட இங்கே 20 கிலோமீட்டரில் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றத்தைச் சரியான இடத்தில் வைத்து வழி போட்டால் முதல் நாளே இந்த மலைகள் உங்களுக்குப் பிடித்துப்போகும்.

எடுத்துக்காட்டுக்கு, டெர்பிஷயரில் உள்ள ஒயிட் பீக் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக 1951இல் அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டின் தென்பாதி அது. சுண்ணாம்புக்கல் பூமி. பச்சைப் புல்வெளிகளைக் காரை பூசாத கற்சுவர்கள் துண்டு துண்டாகப் பிரித்திருக்கும்.

படி 1: பழைய ரயில் தடத்தில் தொடங்குங்கள்

நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, சரிவை மெல்ல மெல்லப் பரப்பினார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்ட பிறகு அதே தடம் சைக்கிளுக்கு அருமையான பாதையாகிவிட்டது. ஒயிட் பீக்கில் அப்படி இரண்டு பாதைகள் பார்ஸ்லி ஹே என்ற இடத்தருகே சேர்கின்றன. ஒன்று ஆஷ்போர்ன் ஊரிலிருந்து 13 மைல் ஏறி வரும் டிசிங்டன் டிரெயில். இதன் ரயில் பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1971 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியது. மற்றொன்று கிராம்ஃபர்ட் பக்கமிருந்து வரும் ஹை பீக் டிரெயில்.

இரண்டாவது பாதையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1830களின் தொடக்கத்தில் திறந்த ரயில் அது. ரயில் தொழில் அப்போதுதான் பிறந்திருந்தது என்பதால் அதைக் கால்வாய் மாதிரியே திட்டமிட்டார்கள். நீண்ட சமதளம், அப்புறம் திடீரென்று ஒரு செங்குத்துச் சரிவு. கால்வாயில் லாக் (படகை மேலே ஏற்றி இறக்கும் மதகு) இருக்கும் இடத்தில் இங்கே சரிவு. வண்டிகளை மேலே இழுக்க ஓரிடத்தில் நிலையாக நிற்கும் நீராவி எஞ்சின். மிடில்டன் சரிவு 8 அடிக்கு 1 அடி ஏறுகிறது. "ரயில் பாதைதானே, சமமாகத்தான் இருக்கும்" என்று நம்பி கிராம்ஃபர்ட் முனையில் தொடங்கினால் ஆரம்பமே இந்தச் சரிவுகள்தான். முதல் முறை பார்ஸ்லி ஹேயிலேயே தொடங்குங்கள். கார் நிறுத்துமிடம், சைக்கிள் வாடகை நிலையம் எல்லாம் அங்கே உண்டு.

படி 2: வரைபடத்தில் கோடுகளின் நிறம் பாருங்கள்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்24 என்ற தாள் இந்தப் பகுதிக்கானது. ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. காகிதத்திலும் செயலியிலும் கிடைக்கும்.

இங்கிலாந்தில் வயல் நடுவே ஒரு பாதை தெரிகிறது என்பதாலேயே அதில் சைக்கிள் விட்டுவிட முடியாது. வரைபடத்தில் சின்னச் சின்னப் பச்சைக் கோடுகளாக இருப்பது ஃபுட்பாத். அங்கே நடக்க மட்டுமே உரிமை. சற்று நீளமான பச்சைக் கோடுகள் பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. அதில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. களத்தில் கம்பங்களில் உள்ள அம்புக்குறி மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நீலம் என்றால் பிரைடில்வே.

இதை நான் கற்றது கஷ்டப்பட்டுத்தான். தொடக்கத்தில் ஒரு செயலி போட்டுத் தந்த வழியை அப்படியே நம்பிப் போனேன். மஞ்சள் அம்பு, சுவர், சுவரில் பதித்த கற்படிகள். சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டினால் அடுத்த வயலில் இன்னொரு சுவர். ஒரு மைலுக்குள் ஐந்து முறை தூக்கினேன். அதற்குப் பிறகு எந்தச் செயலி தரும் வழியையும் இந்த வரைபடத்தோடு ஒப்பிடாமல் நான் கிளம்புவதில்லை.

படி 3: உயரக் கோடுகளை எண்ணுங்கள்

மெல்லிய பழுப்புக் கோடுகள் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கின்றன. இரண்டு கோடுகளுக்கு இடையே 5 மீட்டரா 10 மீட்டரா என்பதைத் தாளின் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வழி இந்தக் கோடுகளை வெட்டினால் ஏற்றம் அல்லது இறக்கம். அவற்றை ஒட்டியே ஓடினால் சமதளம். கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் கால் வலிக்கும்.

சாலைகளின் குறுக்கே சிறிய அம்பு முனை இருந்தால் கட்டாயம் கவனியுங்கள். ஒற்றை முனை என்றால் 14 முதல் 20 சதவீதச் சரிவு. இரட்டை என்றால் அதற்கும் மேல். முனை காட்டுவது இறங்கும் திசையை. அது உங்களை நோக்கி இருந்தால் நீங்கள் ஏறப்போகிறீர்கள்.

படி 4: வட்டமாக இணையுங்கள்

பார்ஸ்லி ஹேயிலிருந்து ஹை பீக் டிரெயிலில் தென்கிழக்கே போங்கள். உயரமான கல் அணைக்கரைகள்மேல் பாதை ஓடும். மரங்கள் சூழ்ந்த மினிங்லோ குன்று கண்ணில் படும். அதன் உச்சியில் புதிய கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. மினிங்லோ கார் நிறுத்துமிடத்தில் பாதையை விட்டுச் சிறிய சாலை வழியாகப் பார்விச் கிராமத்துக்கு இறங்குங்கள். அங்கிருந்து கிராமச் சாலையிலேயே ஆல்சப்-என்-லி-டேல். அதற்கு மேலே டிசிங்டன் டிரெயிலைப் பிடித்து வடக்கே திரும்பினால் மறுபடி பார்ஸ்லி ஹே. மொத்தம் 25 கிலோமீட்டர் அளவில் வரும்.

இதே வட்டத்தை எதிர்த் திசையிலும் சுற்றலாம். தொடங்குபவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பார்விச் கிராமம் பார்ஸ்லி ஹேயைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்வானது. எதிர்த் திசையில் போனால் அந்த உயரத்தில் பெரும்பகுதியைப் பார்விச்சிலிருந்து கிளம்பும் ஒரே சாலையில் ஏறித் தீர்க்க வேண்டும். நான் சொன்ன திசையில், ஆல்சப்புக்கு ஒரு குறுகிய ஏற்றம் மட்டும்தான் காலைப் பிடிக்கும். மீதி உயரத்தை டிசிங்டன் டிரெயில் பல கிலோமீட்டருக்குப் பரப்பித் தந்துவிடும். ஏறுகிறோம் என்பதே பாதி நேரம் தெரியாது.

ஆல்சப்பில் டிரெயிலில் சேரும் இடத்தருகே ஏ515 நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் வண்டிகள் வேகமாக வரும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் தப்பே இல்லை.

படி 5: டயரும் கியரும்

40 மில்லிமீட்டர் அகல டயர் இந்த வழிக்குத் தாராளம். காற்றைச் சாலைக்கு அடைப்பதுபோல் கல்லாக அடைக்காதீர்கள். ட்யூப் உள்ள டயரில், சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 40 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கிப் பார்க்கலாம். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம் ட்யூபைக் கடித்துவிடும். கியரில், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரம் முன்னால் உள்ள சிறியதற்குச் சமமாகவாவது இருக்கட்டும். ஒரு ட்யூப், பம்ப், டயரைக் கழற்றும் லீவர், மழைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஓட்டும்போது

ஏற்றத்தில் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள், உட்கார்ந்தே மிதியுங்கள். சரளையில் எழுந்து நின்றால் பின் சக்கரம் பிடியில்லாமல் சுழலும். பார்விச்சுக்கு இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் வளைவுக்கு முன்பே மெதுவாகப் பிடியுங்கள், வளைவுக்குள் அல்ல. அந்தச் சாலைகள் குறுகலானவை. சுவருக்கு அப்பால் டிராக்டரோ ஆட்டு மந்தையோ வரலாம்.

குதிரையைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, "ஹலோ" என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிளுக்குத்தான் அது பயப்படும். கேட் மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். முதல் சவாரியை மே முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்திருந்தால் சுண்ணாம்புத் தூள் வெள்ளைச் சேறாகிச் செயினெல்லாம் அப்பிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம். அதனால் வீடு வந்ததும், தேநீர் போடுவதற்கு முன்பே, ஒரு வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள்.